உடம்பின் மீதான வெறுப்பு சின்ன வயதுக் காயத்திலிருந்து வந்ததென்றால்: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

எட்டு கிலோ குறைத்தாயிற்று. பருத் தழும்புக்கு வைத்தியம் பார்த்தாயிற்று. தொளதொள சட்டையிலிருந்து இறுக்கமான சட்டைக்கும், திரும்பத் தொளதொளவுக்கும் மாறிப் பார்த்தாயிற்று. குளியலறைக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும்போது வருகிற அருவருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்காக எழுதியது இது. அந்த அருவருப்பு தோற்றத்திலிருந்து வந்திருந்தால் தோற்றம் மாறியதும் கொஞ்சமாவது குறைந்திருக்கும். சின்ன வயதில் உடம்புக்கு நேர்ந்த ஒன்றிலிருந்து வந்திருந்தால் டயட், ஜிம், கிரீம் எதுவும் அதைத் தொடாது.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உடம்பைப் பிடிக்காத எல்லோருக்கும் சிறுவயதில் கொடுமை நடந்திருக்கும் என்று பொருளில்லை. நினைவில் இல்லாத ஒன்றைத் தோண்டித் தேட இங்கே எந்த வழியும் சொல்லப்படவில்லை, அப்படித் தேடவும் வேண்டாம். அடுத்தது, நடந்ததை விவரித்து எழுதச் சொல்லும் பயிற்சி எதுவும் இதில் கிடையாது. அது சிகிச்சையாளர் உடனிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. வாசிக்கும்போது நெஞ்சு படபடத்தாலோ, கை கால் மரத்தாலோ நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடருங்கள்.

எங்கிருந்து வருகிறது

1980களில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவச் சேவை நிறுவனத்தின் எடைக் குறைப்புத் திட்டத்தை டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனது அவருக்குப் புதிராக இருந்தது. காரணம் கேட்டு அவர்களிடம் பேசியபோது, பலருக்கும் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது தெரியவந்தது. சிலருக்கு எடை ஒரு கவசமாக இருந்தது. பருமனாக இருந்தால் யாரும் அந்தக் கண்ணோடு பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கு. கவசம் கழன்றதும் பயம் வந்தது, பயம் வந்ததும் எடையும் திரும்பியது. இதிலிருந்து தொடங்கிய ஆய்வை ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தினார்கள். முதல் கட்டுரை 1998-ல் வந்தது. குழந்தைப் பருவக் கொடுமைகள் எத்தனை வகையாகக் கூடுகின்றனவோ, பெரியவரான பின் உடல்நலக் கேடும் அந்த அளவுக்குக் கூடுகிறது என்பது அதன் சாரம்.

இந்தியாவில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பையன்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், ஆண்களிடம் இந்த வெறுப்பு வேறு வேடத்தில் வரும். ‘இனி யாரும் என்னைத் தொட முடியாது’ என்று தசையை ஏற்றிக்கொண்டே போவது, ஒருநாள் ஜிம் தவறினால் நிலைகுலைவது, கடைசியில் தசை ஏற்றும் ஊசி மருந்து வரைக்கும் போவது. பார்ப்பவர்களுக்கு அது ஒழுக்கமான பையனின் நல்ல பழக்கமாகவே தெரியும்.

எல்லாக் கொடுமையும் ஒரே தடத்தை விடுவதில்லை. பாலியல் கொடுமை பெரும்பாலும் ‘நான் அழுக்கு’ என்ற உணர்வை விட்டுப்போகிறது. அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு மரத்துப்போதல் அதிகம். பசி, வலி, களைப்பு எல்லாம் தாமதமாகத்தான் தெரியும். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்ற பழமொழியைச் சொல்லியே அடித்த வீடுகளில், அதைக் கொடுமை என்று சொல்லவே இவர்களுக்கு வாய் வராது. கருவாச்சி, குண்டு பூசணி, ஓமக்குச்சி என்று தினமும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உருவக்கேலி மண்டைக்குள் ஓடும் ஒரு குரலாகத் தங்கிவிடுகிறது. பேசியவர் இறந்த பிறகும் அந்தக் குரல் ஓயாது.

இன்னொரு முடிச்சும் உண்டு. ‘நான் ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை’ என்றோ, ‘என் உடம்பு ஏன் அதற்கு இசைந்தது’ என்றோ பலரும் தங்கள் உடம்பின் மீதே வழக்குப் போட்டிருப்பார்கள். ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் இருக்கும்போது உடம்பு உறைந்துபோவது நரம்பு மண்டலத்தின் அனிச்சைச் செயல். தொட்டால் உடம்பு காட்டும் உணர்ச்சியும் அப்படித்தான். வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வந்தால் யாரும் சோகம் என்று சொல்வதில்லை. அதுபோல இதுவும் சம்மதம் ஆகாது.

பயிற்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கீழே சொல்வதில் ஏதாவது இருந்தால் பயிற்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது: இதில் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். எடை சரியாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் உப்புகளின் அளவும் ஒரு ஈசிஜியும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து மயக்கம் வருவது, மாதவிலக்கு நின்றுபோவது.

கையை அறுத்துக்கொள்வது, சுட்டுக்கொள்வது, சாக வேண்டும் என்ற எண்ணம்: டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இந்தியாவில் 108 அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

கொடுமை செய்தவர் இன்னும் அதே வீட்டில் இருப்பது: அங்கே உடம்பு தளர்வாக இருக்கக் கற்றுக்கொள்வது சரியாக வராது. விழிப்பாக இருப்பதற்கு உடம்பிடம் நியாயமான காரணம் இருக்கிறது. முதல் வேலை தூரம்தான். முடியாவிட்டால் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, அவரோடு தனியாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது, விஷயம் தெரிந்த ஒருவர். அவரால் இப்போது வேறொரு குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நடக்கும் பாலியல் கொடுமையைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம்.

நிகழ்காலத்துக்குத் திரும்பப் பழகுதல்

எல்லாவற்றுக்கும் முன்னால் இது. பலர் இதைத் தாண்டி நேரே கண்ணாடிக்குப் போய்விடுகிறார்கள், பாதியில் நிற்பதற்கு அதுதான் முதல் காரணம்.

கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படட்டும். கண்ணில் படும் 5 பொருள்கள், தொட்டு உணரும் 4, காதில் விழும் 3, மூக்குக்குத் தெரியும் 2, நாக்குக்குத் தெரியும் 1 என்று மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு வாய்விட்டு: ‘இன்னைக்குத் தேதி இது. எனக்கு வயசு 34. இது என் வீடு. கதவு அந்தப் பக்கம் இருக்கு.’ வயதைச் சொல்வது முக்கியம். பழைய பயம் வரும்போது மனம் எட்டு வயதில் நிற்கும், அதற்கு இன்றைய வயதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, 3 நிமிடம், இரண்டு வாரம். மனம் சாந்தமாக இருக்கும்போதே செய்ய வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது.

கண்ணை மூடினால் படம் ஓடும், ஆகவே மூட வேண்டாம். மூச்சைக் கவனிக்கச் சொல்லும் தியானம் சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும், ஏனென்றால் கொடுமை நடந்த சமயத்தில் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள். அப்படியானால் மூச்சை விட்டுவிட்டு வெளிப்பொருள்களிலேயே நில்லுங்கள். மூச்சு ஒத்துவந்தால் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடலாம். மரத்துப்போகிறவர்களுக்கு இதெல்லாம் போதாது, கொஞ்சம் கூர்மையான உணர்வு வேண்டும்: ஐஸ்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி ஒரு நிமிடம் பிடிப்பது, ஒரு கிராம்பைக் கடிப்பது, குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது.

இரண்டு வார நோட்டு

நாலு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன தெரிந்தது, அதன்பின் என்ன செய்தேன். பக்கத்தில் வெறுப்பின் அளவு 0 முதல் 10 வரை. பத்து நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம், படுக்கப் போகும் நேரத்தில் எழுதவே வேண்டாம். பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தால் ‘பழசு வந்தது’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள். கூட்டுக் குடும்பத்தில் நோட்டு யார் கையிலும் சிக்கலாம். சமையல் கணக்கு மாதிரி சுருக்கக் குறிகளில் எழுதலாம், அல்லது பூட்டு வைத்த ஃபோன் குறிப்பில்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று தெரியும்: 8, 9 என்று எழுதிய நேரங்களில் உடம்பின் தோற்றம் மாறியிருக்காது. மாறியது வேறு. யாரோ பின்னால் நெருங்கி நின்றார்கள், பெரியப்பா வருகிறார் என்று தகவல் வந்தது, ரவிக்கைக்கு அளவெடுத்தார்கள். வெறுப்பு வயிற்றைப் பார்த்து வருவதாகத்தான் நினைத்திருப்பீர்கள். நோட்டு வேறு கதை சொல்லும்.

தூண்டல் என்பது பழைய பயத்தைக் கிளறிவிடும் ஒன்று. அடிக்கடி வரும் தூண்டல் ஒன்றை எடுத்து ‘அப்போது – இப்போது’ எழுதுங்கள். உதாரணத்துக்கு, வியர்வையும் பீடியும் கலந்த வாடை. ஒற்றுமை: வாடை மட்டும். வேற்றுமை: இது பஸ், அது அந்த அறை, அப்போது 9 வயது, இப்போது 34, அப்போது கதவு சாத்தியிருந்தது, இப்போது அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம், இவர் வேறு ஆள். வேற்றுமையின் பட்டியல் ஒற்றுமையைவிடக் குறைந்தது மூன்று மடங்கு நீளட்டும். தூண்டல் வரும் இடத்திலேயே இதை மனசுக்குள் ஓட்டப் பழக வேண்டும். நோட்டிலேயே விட்டுவிட்டால் வேலை செய்யாது.

‘அழுக்கு’ என்ற உணர்வு

பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பது, ஒரு நாளைக்கு மூன்று நாலு குளியல், டெட்டால் ஊற்றிக் குளிப்பது. குளித்த பத்தாவது நிமிடத்தில் உணர்வு திரும்பிவிடும், ஏனென்றால் அது தோலில் இல்லை. ‘நீ சுத்தமாத்தான் இருக்கே’ என்று மற்றவர்கள் சொல்வதும் எடுபடாது. தாங்கள் சுத்தம் என்பது இப்படிக் குளிப்பவர்களுக்கே தெரியும்.

ஜெர்மனியில் கெர்ஸ்டின் யுங், ரெகினா ஸ்டைல் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு குறுகிய சிகிச்சை வகுத்தார்கள். அதில் ஒரு கணக்கு வருகிறது. மேல்தோல் ஏறக்குறைய 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை முழுதாக உதிர்ந்து புதிதாகிறது. அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 9 முதல் 13 தடவை. கொடுமை செய்தவர் கடைசியாகத் தொட்டு 20 ஆண்டாகிறது என்றால் குறைந்தது 170 தடவை தோல் மாறிவிட்டது. அந்தக் கை பட்ட மேல்தோலில் ஒரு செல்கூட இப்போது உங்கள் மேல் இல்லை. இந்தக் கணக்கை உங்கள் ஆண்டுகளை வைத்து நீங்களே போட வேண்டும், பிறர் போட்டுக் கொடுத்தால் வெறும் எண்ணாகப் போய்விடும். இரண்டாவது பகுதி, அந்த அறிவை ஒரு காட்சியாக மாற்றுவது: பாம்பு சட்டை உரிப்பதோ, மழைக்குப் பின் இலை துளிர்ப்பதோ, உங்களுக்குப் பொருந்துகிற எதுவானாலும். அழுக்கு உணர்வு எழும்போதெல்லாம் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்க்க வேண்டும். காட்சிப் பகுதியை முதல் தடவை சிகிச்சையாளரோடு செய்வது நல்லது. பழைய படம் குறுக்கே வரலாம்.

குளியலை ஒரேயடியாகக் குறைக்க முயல வேண்டாம். 50 நிமிடம் ஆகிறதென்றால் முதல் வாரம் 45. நாருக்குப் பதில் கை. வெந்நீரின் சூட்டைக் கொஞ்சம் குறைப்பது.

தொடுதலும் கண்ணாடியும்

மேலே சொன்னதெல்லாம் ஆறு வாரமாவது ஓடிய பிறகு இது. எண்ணெய்க் குளியல் நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழக்கம், அதையே படிப்படியாகப் பயன்படுத்தலாம். முதல் வாரம் உள்ளங்கையும் விரல்களும் மட்டும், ஒரு தேக்கரண்டி எண்ணெய், 2 நிமிடம். அடுத்து முன்கை. பிறகு பாதம், கெண்டைக்கால். வயிறு, மார்பு, தொடை எல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்கலாம். தேங்காய் எண்ணெய் வாடையே தூண்டல் என்றால் நல்லெண்ணெய், அதுவும் ஆகாதென்றால் வாசனையில்லாத மாய்ச்சரைசர். ‘எனக்கு இது பிடிக்க வேண்டும்’ என்று கட்டாயம் இல்லை. ‘இது முழங்கை, இங்கே தோல் சொரசொரப்பாக இருக்கிறது’ என்று தெரிந்தால் போதும்.

கண்ணாடிக்கும் அதே நியாயம். முழு உடை, இரண்டு அடி தூரம், 5 நிமிடம். தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு பகுதியையும், போலீஸ் மகஜரில் எழுதுவது போல விருப்பு வெறுப்பில்லாமல் சொல்லுங்கள். ‘அசிங்கமான தொப்பை’ என்பது தீர்ப்பு. ‘வயிறு, தொப்புளுக்குக் கீழே முன்னால் வளைந்திருக்கிறது’ என்பது விவரம். ‘என் உடம்பு அழகு’ என்று எதிரே நின்று சொல்லச் சொல்லும் அறிவுரைகளில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. உள்ளே ஒரு குரல் உடனே ‘பொய்’ என்று சொல்லும், வெறுப்பு இன்னும் கொஞ்சம் இறுகும்.

வெறுக்கும் இடத்திலேயே பார்வை ஒட்டிக்கொண்டால் அது பயிற்சி அல்ல, பழைய சோதனைதான். நாளுக்கு முப்பது தடவை மடிப்பைக் கிள்ளிப் பார்ப்பதும், செல்ஃபியைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் அந்த வகை. வெறுப்பு உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிட்டால் அடுத்த தடவை இன்னும் கஷ்டமாகும். ஒரு படி குறையும்வரை நில்லுங்கள். ஆனால் மரத்துப்போனாலோ, கண்ணாடியில் இருப்பவர் யாரோ போலத் தெரிந்தாலோ அது குறைந்ததாகக் கணக்கில்லை. உடனே நிறுத்தி, பாதம், தேதி, வயது. உடையில்லாமல் கண்ணாடிப் பயிற்சியைத் தனியாகச் செய்யவே வேண்டாம்.

யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: தொட்டுத் திருத்த வேண்டாம், சவாசனத்தில் கண்ணைத் திறந்து சுவரோரம் படுத்துக்கொள்கிறேன் என்று. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவரிடமும் கல்யாண வீட்டிலும்

பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, பல் வைத்தியம் இவற்றைப் பல ஆண்டு தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். பல் நாற்காலியில் மல்லாந்து வாய் திறந்து கிடப்பதே போதும், உடம்பு உறைய. உடை மாற்றுவதற்கு முன், உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘டாக்டர், தொட்டுப் பாக்குறது எனக்குக் கஷ்டம். ஒவ்வொண்ணும் செய்யிறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் கையைத் தூக்கினா நிறுத்துங்க.’ வாய் வராதென்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். கூட ஒரு நர்ஸோ, உங்கள் ஆளோ இருக்க வேண்டும் என்று கேட்கலாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் போதுமா என்று கேட்கலாம், எல்லா நேரமும் போதாது. கருவியை நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளவும் சில இடங்களில் விடுவார்கள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கல்யாண வீட்டில் ‘என்னடி இப்படி ஊதிட்டே’ என்பவர்களுக்கு நீளமாக விளக்கம் சொன்னால் பேச்சு வளரும். ‘அத்தை, உடம்பைப் பத்தி வேண்டாமே. ரமணிக்கு எப்போ பரீட்சை?’ ஒரு மறுப்பு, உடனே ஒரு கேள்வி. அதே வாக்கியத்தை மூன்று தடவை சொல்லும் அளவுக்குப் பொறுமை வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேர்வது

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போகிறவர்கள், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியவை: குழந்தைப் பருவக் கொடுமைக்கு என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள், முதல் மாதம் என்ன செய்வோம், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா. காயத்தை மையப்படுத்திய சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை), இஎம்டிஆர் (கண்ணை அசைத்துக்கொண்டே பழைய நினைவை அணுகும் சிகிச்சை) இரண்டுக்கும் ஆதாரம் வலுவாக இருக்கிறது. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல் சிபிடிக்கு 8 முதல் 12 அமர்வு என்கிறது. பல ஆண்டு நீடித்த கொடுமை என்றால் அதைவிடக் கூடும்.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லு என்று நெருக்குபவர், மன்னித்துவிடு என்பவர், கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்பவர், ஹிப்னாடிசத்தில் மறந்த நினைவைக் கொண்டுவருகிறேன் என்பவர் – இந்த நால்வரிடமும் இரண்டாவது தடவை போக வேண்டாம்.

மாத்திரை எழுதினால் ‘இதில் எடை கூடுமா’ என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மிர்டாசபின், ஒலான்சபின், குவெட்டியாபின் போன்றவற்றில் கூடலாம். எதிர்பாராமல் ஐந்து கிலோ ஏறினால் உடம்பின் மீதான வெறுப்பும் ஏறி, மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. முன்பே சொன்னால் வேறு மருந்து பார்க்க முடியும். செர்ட்ராலின் வகை மருந்துகள் வேலை செய்யத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும்.

பன்னிரண்டாவது வாரத்தில்

நோட்டை எடுத்து வெறுப்பின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், கடைசியாகக் குறைவது அதுதான். குளியல் எத்தனை நிமிடம், இந்த மாதம் எத்தனை இடத்துக்குப் போகாமல் இருந்தேன், தூண்டல் வந்தபின் நிகழ்காலத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் இருபது நிமிடமாகியிருந்தால் சரியான பாதைதான். கர்ப்பம், பாலூட்டும் காலம், தன் குழந்தைக்கு அந்த வயது வரும் ஆண்டு, கொடுமை செய்தவரின் சாவு – இந்த நான்கு சமயங்களிலும் எல்லாம் திரும்ப ஏறலாம். அப்போது கண்ணாடியையும் எண்ணெயையும் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு மாதம் காலை 3 நிமிடம், மாலை 3 நிமிடம் பயிற்சிக்கே திரும்புங்கள்.